திறந்த மூலக் கணினியும் அதன் காவலும்

ஏடும் எழுத்தாணியும் ஒருகாலத்தில் மாணவர்க்கு எவ்வாறு இன்றியமையாதனவாய் இருந்தனவோ, அவ்வாறே இன்று கணினி இன்றியமையாததாயிற்று. கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஒருவழிப்படுத்தி இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொது ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்தியது. அதன் பின்வந்த பதிப்பை ஏற்கும் தகுதியற்ற பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர், லினக்ஸ் வழிவந்த திறந்த மூல இயங்குதளங்களை நாடலாயினர். அவற்றை விலையின்றிப் பெறலாம். களவாகப் பிரதிபண்ணிய இறுவட்டுக்களை வாங்கவேண்டிய இழிவும் இல்லை. இவை மகிழ்தற்குரியனவே. ஆயினும், “லினக்ஸ் கணினிக்கு வைரசு வராது” என்னும் ஒரு சொல்லும் உடன்பரவி வருகின்றது. அச்சொல்லில் உண்மை எத்துணை, மயக்கம் எத்துணை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திறந்த மூலம் என்பது யாது? நிரல் எழுதுவோர் தம் கைப்பட எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். அதனை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பதே திறந்த மூல முறையாகும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்ரோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டையும் பிறவற்றையும் ஒன்றுசேர்த்து மக்கள் எளிதிற் பயன்படுத்தத்தக்க தொகுதியாக்கும் பணியில் 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் முற்பட்டு நின்றது. அதனை அடியாகக்கொண்டு 2004ஆம் ஆண்டில் உபுண்டு தோன்றிற்று.

இனி, ஒரு மென்பொருளை நிறுவுதல் என்பதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். டெபியன், உபுண்டு முதலியவற்றில் மென்பொருள் பொதியாக வருகின்றது. அப்பொதியை நிறுவுங்கால், அதனுள் அடங்கிய சில கட்டளைகள் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு நடைபெறுகின்றன. தலைமைப் பயனர் எக்கோப்பையும் மாற்றலாம், எக்காவலையும் நீக்கலாம். நாடோறும் சாதாரணப் பயனராகவே இருந்து வேலைசெய்தலும், வேண்டும்போது மாத்திரம் ‘சுடோ’ என்னும் கட்டளையாற் கடவுச்சொல்லைக் கொடுத்துத் தலைமை அதிகாரத்தைப் பெறுதலும் இத்தளங்களின் நன்மரபாகும். ஆயின், கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் நாம் வீட்டுச் சாவியையே கையளித்து விடுகின்றோம். எனவே, யார் கையில் அளிக்கின்றோம் என்பதே முதன்மையான வினாவாகின்றது.

இவ்வினாவுக்குத் தமிழ் கற்றோர் அறிந்ததோர் உவமையாலே விடை காணலாம். ஏட்டுப் பிரதிகளிலிருந்து நூல்கள் அச்சேறிய காலத்தில், கற்றோர் நூலின் பெயரை மாத்திரம் நோக்கவில்லை. பரிசோதித்துப் பதிப்பித்தவர் யார் என்பதையும் நோக்கினர். ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் ஐயமின்றிக் கையிலெடுத்தனர். வாசகர் ஒவ்வொருவரும் பழைய ஏடுகளைத் தேடி ஒப்பிட இயலாது. அத்தொண்டினை அவர்பொருட்டுப் பதிப்பாசிரியர் செய்தார். திறந்த மூல இயங்குதளங்களில் மென்பொருட் களஞ்சியம் என்பதும் இத்தகையதே. 2023ஆம் ஆண்டில் வெளியான டெபியன் 12ஆம் பதிப்பிலே 60,000இற்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றிற்கெல்லாம் பொறுப்பாளர் உளர். மூலநிரலைப் பெற்று, தளத்திற்கு இசைவாக்கி, குறைகண்டவிடத்துத் திருத்துதல் அவர்தம் கடமையாகும்.

அப்பொறுப்பாளரின் கையிலிருந்து புறப்பட்ட பொதியே நம் கணினியை வந்தடைந்தது என்பதற்குச் சான்று யாது? அதற்கு இலக்கமுறைக் கையொப்பம் பயன்படுகின்றது. ஒரு கோப்பிலுள்ள அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் நீண்ட எண் ஒன்று உண்டு. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். பொதிகளின் எண்கள் ஓர் அட்டவணையில் எழுதப்படும். அட்டவணையின் எண் தலைமைக் கோப்பில் எழுதப்படும். தலைமைக் கோப்பிலே களஞ்சியத்தார் கையொப்பமிடுவர். அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் முன்னரே நம் கணினியில் உள்ளது. ஆதலால் இடைவழியில் ஒருவன் பொதியை மாற்றினும், அதனை நிறுவுங் கருவி கண்டுபிடித்து மறுத்துவிடும். இச்சோதனை 2007ஆம் ஆண்டில் வந்த டெபியன் 4ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே இடம்பெற்று வருகின்றது.

லினக்ஸ் பயன்படுத்துவோர் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வதற்குத் தலையாய காரணங்களுள் இஃதொன்றாகும். அவர்கள் கண்டகண்ட இடங்களிலிருந்து மென்பொருளைத் தேடாது, களஞ்சியத்திலிருந்தே பெறுகின்றனர். அவ்வொழுக்கத்தினின்று வழுவியவிடத்துத் தீங்கு நேர்ந்தமைக்குச் சான்றுகள் உள. 2009ஆம் ஆண்டு டிசெம்பரில், அருவிக் காட்சி காட்டும் திரைகாப்பு என்று அழகுப் பொருட்களைப் பகிரும் இணையத்தளமொன்றில் வைக்கப்பட்ட பொதி, நிறுவியோரின் கணினிகளைப் பிறர்மீது தாக்குதல் நடத்தும் ஏவலாளாக்கிற்று. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் லினக்ஸ் மின்ற் என்னுந் தளத்தாரின் இணையத்தளத்திற் புகுந்தோர், இயங்குதளத்தைப் பதிவிறக்கும் இணைப்பையே மாற்றிக் கள்ளவாயில் பொருத்திய பிரதியை வழங்கினர். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், யாவரும் பதிவேற்றத்தக்க ஸ்னாப் அங்காடியில் இருந்த எண் விளையாட்டொன்று, மறைவாக நாணயக் கணக்கீடு செய்து பயனரின் கணினி வலுவைக் கவர்ந்தமை வெளிப்பட்டது. மூன்றிடத்தும் காவல் உடைக்கப்பட்டது பயனரின் கணினியில் அன்று. பயனரே அழைத்து உட்புகுத்தினர்.

அற்றேல், களஞ்சியத்தினின்று வருவன யாவும் பழுதற்றனவோ எனின், அன்று. பொதி மாற்றப்படவில்லை என்பதையே கையொப்பம் உறுதிசெய்யும். உள்ளே உள்ளது நன்றென்பதற்கு அது பொறுப்பேலாது. டெபியன் பொறுப்பாளர் 2006ஆம் ஆண்டில் மறைகுறிக் கருவியொன்றிற் செய்த மாற்றத்தால், அதன்பின் உருவாக்கிய இரகசியத் திறவுகோல்கள் ஊகிக்கத்தக்கனவாயின. ஒருவகைத் திறவுகோலுக்கு ஏறத்தாழ 32,000 வேறுபாடுகளே இருந்தன. இக்குறை 2008ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வெளியாயிற்று. நல்லெண்ணத்தோடு செய்த மாற்றமே, எல்லாருங் காணத் திறந்திருந்தும் இரண்டாண்டுவரை எவர் கண்ணிலும் படவில்லை.

மற்றொன்று வஞ்சகத்தால் நேர்ந்தது. கோப்புக்களைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு கருவியைப் பேணும் பணியிலே, ஜியா டான் என்னும் பெயருடன் ஒருவர் ஈராண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். 2024ஆம் ஆண்டில் அப்பெயரில் வெளியான இரு பதிப்புக்களிற் கள்ளவாயில் மறைந்திருந்தது. அன்ரெஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளர், தொலைக்கணினியில் நுழைய வழக்கத்திலும் ஏறத்தாழ அரைச் செக்கன் மிகுதியாகச் செல்வதைக் கண்டு, காரணத்தைத் தேடிச்சென்று, மார்ச்சு 29ஆந் திகதி அவ்வஞ்சகத்தை உலகறியச் செய்தார். டெபியனின் சோதனைப் பதிப்புக்களை அடைந்த அந்நஞ்சு, அதன் நிலைப்பதிப்பை அடையுமுன் தடுக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமையாலேயே அவர் ஆராய முடிந்தது. ஆயின் ஆராயும் ஒருவர் இருந்தமையாலேயே அது பயன்பட்டது. இதனால், திறந்த மூலம் தானே காவலன்று, காவல் செய்தற்குரிய வாய்ப்பே என்பது பெறப்படும்.

பிறிதொரு மயக்கமும் களைதற்குரியது. தலைமை அதிகாரம் பெறாத நிரல் தீங்கு செய்யாதெனச் சிலர் எண்ணுவர். இயங்குதளத்தை அது கெடுக்க இயலாதெனினும், பயனர் தாமே திறக்கத்தக்க கடிதங்களையும், நிழற்படங்களையும், கணக்கு விபரங்களையும் அதுவும் திறக்கலாம். கணினி கெட்டால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். இழந்த நிழற்படத்தை எங்குப் பெறுவது? நிரலைத் தனியறையில் அடைத்தாற்போல இயக்கும் ஸ்னாப், பிளற்பக் முதலிய முறைகள் இதற்காகவே எழுந்தன. எனினும் நிரல் கேட்கும் அனுமதி அனைத்தையும் கொடுத்துவிட்டால், அவ்வறைக்குக் கதவு இருந்தும் பயனில்லை.

இவற்றால் நாம் கைக்கொள்ளவேண்டியன சிலவாகும். முதலாவது, வேண்டும் மென்பொருளை முதலிற் களஞ்சியத்திலே தேடுதல். இரண்டாவது, அங்கு இல்லாதவிடத்து அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல். வேற்றுக் களஞ்சியமொன்றைக் கணினியிற் சேர்த்தல் அதன் உரிமையாளர்க்குத் தலைமை அதிகாரம் அளித்தலை ஒக்கும் என்பதை மறவாதிருத்தல். மூன்றாவது, இணையத்திற் கண்ட கட்டளையைப் பொருளறியாது எடுத்தெழுதி, ‘சுடோ’ கேட்கக் கடவுச்சொல் கொடாதிருத்தல். நான்காவது, இயங்குதளத்தைப் பதிவிறக்கியபின் அதன் கையொப்பத்தைச் சரிபார்த்தல். கோப்பு இருந்த பக்கத்திலேயே எழுதியுள்ள எண்ணை மாத்திரம் ஒப்பிடுதல் போதாது. கோப்பை மாற்றவல்லவன் எண்ணையும் மாற்றவல்லன். ஐந்தாவது, திருத்தங்கள் வந்தவுடன் ஏற்றல். உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்புக்களுக்கு ஐந்தாண்டு காலம் காவல் திருத்தங்கள் இலவசமாக வருகின்றன. ஏலாதார்க்கு அவற்றாற் பயனில்லை. ஆறாவது, அருமையான கோப்புக்களுக்கு வேறிடத்திற் பிரதி வைத்தல்.

மாணவர்களே, ஐயமெழுந்தால் நூலைத் திறந்து பார் என்று கற்பிக்கும் கல்வி மரபு நம்முடையது. நிரலைத் திறந்து பார் என்று அழைக்கும் இத்தளங்கள் அம்மரபுக்கு அயலானவை அல்ல. இன்று பயன்படுத்துவோராயிருக்கும் உங்களுள் ஒருசிலராயினும் நாளை பொதிகளைப் பேணுவோராகவும், பிழை கண்டு அறிவிப்போராகவும் வளர்தல் வேண்டும். கணினிகளை உவந்தளிக்கும் பழைய மாணவர்களும், கருவியோடு நின்றுவிடாது, இவ்வொழுக்கத்தைப் பயிற்றுவிக்கவும் நேரமளிப்பாராயின் அக்கொடை இருமடங்காகும். உலகமெல்லாம் பயன்படுத்தும் இக்களஞ்சியங்களுட் பல, ஊதியங் கருதாத சிலரின் விழிப்பினாற் காக்கப்படுகின்றன. அவ்விழிப்பிற் பங்குகொள்ளும் கைகள் நம்மிடையிருந்தும் எழுக.