வயிறு ஒட்டிய கல்

வடசென்னைப் பட்டறைகள் – 9

“கத்தி மேல ஏன் கோவப்படுற நைனா? கல்லப் பாரு. வயிறு ஒட்டிப் போயி கீது.”

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் நெடுங்காலம் சலூன் நடத்தி, இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்ட பெரியவர் சொன்னது. மடக்குச் சவரக்கத்தி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். கூடவே ஜப்பானிய நீர்க்கல் இரண்டு: 1000 நம்பர், 8000 நம்பர். ஆறு மாதம் தீட்டியும் கத்தியின் இரு கோடிகள் மட்டுமே மழித்தன. நடுப்பகுதி முடியைப் பிடித்து இழுத்தது. எஃகு மட்டம் என்று நானே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அவர் இரும்பு ஸ்கேல் ஒன்றைக் கல்லின் குறுக்கே நிறுத்தி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஸ்கேலுக்கு அடியில் பிறை நிலா மாதிரி ஒரு கீற்று.

சவரக்கத்திக்குக் கோணம் பார்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியும்படிக் கிடத்தினால் போதும், முதுகின் தடிமனே கோணத்தைத் தந்துவிடும். வாய் முன்னே போகிற மாதிரி, கல்லின் மேல் ஏட்டைச் சீவுவது போலத் தள்ள வேண்டும். திரும்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். கை அழுத்தமே கூடாது. ஆனால் இந்த வசதியிலேயே வம்பும் இருக்கிறது. கல் குழிந்திருந்தால் கத்தியின் இரண்டு கோடிகள்தான் கல்லைத் தொடும், நடு வாய் அந்தரத்தில் தொங்கும். காய்கறிக் கத்தி இதைப் பொறுத்துக்கொள்ளும். கன்னத்தில் போகிற கத்தி பொறுக்காது.

நீர்க்கல் குழிவது அதன் குற்றமல்ல, குணம். செயற்கைக் கல் என்பது அரைத்துச் சலித்த துகளும் அதைப் பிணைக்கும் பசையும்தான். 1000 நம்பர் கல்லில் துகள் பத்துப் பதினைந்து மைக்ரான் இருக்கும். 8000-இல் ஒரு மைக்ரானை ஒட்டி. மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத்துகள் தலை காட்டுவதால்தான் கல் வேகமாக அறுக்கிறது. உதிரும் இடம் பள்ளமாகிறது. கை தானாக நடுவிலேயே போவதால் நடு முதலில் போகிறது.

அந்தத் துகள் என்ன? பெரும்பாலான நீர்க்கற்களில் அலுமினா. தமிழில் அதற்குப் பழைய பெயர் இருக்கிறது: குருந்தம். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ இந்தச் சொல்லிலிருந்துதான் போனது என்கின்றன அகராதிகள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் குருந்தக்கல் உண்டு. (சந்திரயான்–2 சோதனைக்கு நிலவு மண் போல இஸ்ரோ அரைத்ததும் அந்த வட்டாரப் பாறையைத்தான்.) குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் பிடிப்பது நம் ரத்தினத் தொழிலாளர்களின் பழைய வித்தை. துகளும் பசையும் என்ற சூத்திரம் இங்கே புதிதல்ல.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சி மின்னும் பளிங்குத் துகள்களை எடுத்தார். கார்பனும் கொரண்டமும் கலந்த பொருள் என்று தப்பாக நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தப்புப் பெயரே நிலைத்துவிட்டது. 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு முருகப்பா குழுமம் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கி, இதே திருவொற்றியூரில் சாணைச் சக்கரம் செய்யப் புறப்பட்டது. பாதித் தமிழ்ப் பெயர் ஒன்று உலகம் சுற்றிவிட்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் போர்டாக வந்து நின்றதை இந்த ஊரில் யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

குருந்தத்தின் கடினம் மோ அளவையில் 9. சிலிக்கன் கார்பைடு அதைவிட அரைப்படி மேலே. ஆகவே குழிந்த கல்லை மட்டமாக்க அதுவே சரி. பெயிண்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்கிற கறுப்பு உப்புத்தாளில் இருப்பது அதுதான். 220 நம்பர் தாள் ஒன்றைத் தடித்த கண்ணாடிமேல் நனைத்து ஒட்டினார் பெரியவர். என் கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டார். தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்; இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கல்லைத் திருப்பிப் பிடித்தார், கை ஒரு பக்கமே சாயும் என்பதால். ஓரத்துக் கோடுகள் உடனே போயின. நடுக் கோடுகள் அசையவில்லை. பிடிவாதமாக நின்ற அந்தக் கோடுகள்தான் என் ஆறு மாதப் பள்ளம்.

“ரெண்டு கல்ல ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சா ஆவாதாண்ணே?”

“ஒண்ணு குழியும், ஒண்ணு மேடாவும். ஜோடி சேந்துக்கும், மட்டம் ஆவாது. மூணாவது கல்லு வேணும்.”

1840-இல் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையின் சாரம் இதுதான்: மூன்று பலகைகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால்தான் உண்மையான மட்டம் பிறக்கும். பெரியவர் இதைக் கற்றது சலூன் திண்ணையில்.

அவர் கத்தி தீட்டுவதை விட்டுப் பல வருஷமாகிறது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, ஒரே கத்தியைப் பல கன்னங்களில் வைப்பது மெல்ல மெல்ல நின்றது. பாதியாக உடைத்த பிளேடு வந்தது. சரியான மாற்றம்தான்; அவரும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் தீட்டுக்கல்லோடு சேர்ந்து தொழிலின் பாதி நேரமும் போனது என்றார், வருத்தமா நிம்மதியா என்று பிடிபடாத குரலில்.

கடைசிக் கோடு போனதும் கல்லின் விளிம்புகளைச் சாய்வாக மழுக்கினார். கூர் விளிம்பு உடைந்தால் சில்லு கத்தி வாயைக் கெடுக்கும். பிறகு குழாயடியில் இரண்டு முறை கழுவினார், தாளின் முரட்டுத் துகள் ஒன்று தங்கினாலும் கதை கந்தல் என்று. நிழலில் சாய்த்து வைத்தார். வெயிலில் வைத்தால் வெடிக்குமாம்.

நான் கத்தியை எடுத்தேன்.

“அத்த உள்ள வைய்யி. இன்னொரு கல்லு கீதே, அத்த எடு மொதல்ல.”

8000-ஐ நீட்டினேன். ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தவர், பென்சிலைக் கையில் எடுத்தார்.