நிலமறிந்து சக்கரம் பூட்டுவோம்

வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் வீதியிலே பூவரசங்குளம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மரமும் நீரும் சேர்ந்து பெயர் தந்த ஊர் அது. தார் வீதியை விட்டுச் சற்றே உள்ளே திரும்பினால், கிறவல் வீதி, செம்மண் பாதை, குளக்கட்டு, வயல் வரம்பு, காட்டுவழி எனச் சிறிது தூரத்துக்குள்ளேயே பல்வகை நிலங்களைக் காணலாம். முன்னாளில் இவ்வழிகளில் மாட்டு வண்டி சென்றது. இன்று மோட்டார்ச் சைக்கிள் செல்கின்றது. வயலுக்கு உரமூடையும், சந்தைக்கு மரக்கறியும், பள்ளிக்குப் பிள்ளைகளும், மருத்துவமனைக்கு நோயாளரும் அதன்மீதே செல்கின்றனர். ஆயினும் அவ்வளவு பாரத்தையும் நிலத்தோடு இணைத்து நிற்கும் இரண்டு ரயர்களைப் பற்றி நாம் சிந்திப்பது மிகக் குறைவு.

நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், மாரி தொடங்கும் வேளையில், புதிய ரயர் வாங்கச் சென்றோம். உயர்ந்த கட்டைகள் இடைவெளி விட்டு நின்ற ரயரொன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். “காட்டுக்கும் இதுதான், றோட்டுக்கும் இதுதான்” என்றார். பார்வைக்குக் கம்பீரமாயிருந்தது, வாங்கிப் பூட்டினோம். சேறுபட்ட குளக்கட்டில் அது சிறப்பாகவே ஓடியது. ஆனால், அன்று மாலை மழையில் நனைந்த தார் வீதியின் வளைவொன்றிலே, குறுக்கே வந்த பசுவைக் கண்டு தடையை அழுத்தினோம். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. எமக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் அமர்ந்திருந்த எம் மகளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

வண்டியைத் திருத்திய முதியவர் ரயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், ரயரில் பிழையில்லை, நிலத்தைப் பாராமல் பூட்டியதுதான் பிழை” என்றார். கல்லூரியிலே பிறருக்குப் பாடஞ்சொல்லும் எமக்கு அன்று கிடைத்த பாடம் அது. அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படை ஒன்றே. ரயர் நிலத்தைப் பற்றுவது இரு வழிகளில். வன்மையான தளத்திலே இறப்பர் தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு ஒட்டிப் பிடிக்கின்றது. எனவே நிலத்தில் படியும் இறப்பரின் பரப்பு மிகுந்திருத்தல் நன்று. இளகிய மண்ணிலோ ரயரின் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கி, மண்வெட்டி போலக் குத்திப் பிடிக்கின்றன. எனவே கட்டைகள் உயர்ந்தும் விலகியும் இருத்தல் வேண்டும். ஒன்றுக்கு நன்மையானது மற்றொன்றுக்குத் தீமையாகும். உயர்ந்த கட்டையுடைய ரயர் தார் வீதியிலே கட்டையின் நுனிகளால் மட்டுமே நிற்கின்றது. தடையழுத்தும்போது அக்கட்டைகள் வளைந்து கொடுக்கின்றன. நாம் விழுந்த காரணம் இதுவே.

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அப்பகுப்பையே ரயருக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

முதலில் மருதம். வயலும் வயல்சார்ந்த இடமும் சேற்றுக்கு இருப்பிடம். முருங்கன் பகுதியின் கருங்களிமண் இதற்குத் தக்க சான்று. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே ஒருகாலத்தில் அக்களி கொண்டு செல்லப்பட்டது. கோடையில் வெடித்துக் கிடக்கும் அம்மண், மழை பெய்ததும் ஊதிப் பசைபோல் ஆகின்றது. கட்டைகள் நெருங்கிய ரயரிலே அது நிரம்பிவிட்டால், ரயர் வழுவழுத்த உருளையாகிவிடும். சேற்றுக்குக் கட்டைகள் விலகி நிற்றல் வேண்டும். சுழலும்போது சேறு தானே உதிர அது வழி செய்யும். அகன்ற ரயரே சேற்றுக்கு நல்லதென்று பலர் எண்ணுவர். மேற்சேறு ஆழமற்று அடித்தளம் வன்மையாயிருப்பின், ஒடுங்கிய ரயரே சேற்றை வெட்டி அடித்தளத்தைப் பற்றும். அகன்ற ரயரைப் பூட்டினால், அதற்கும் மட்காட்டுக்கும் இடையே சேறு இறுகிச் சக்கரமே நின்றுபோவதும் உண்டு.

அடுத்து நெய்தல். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கடற்கரை மணலிலே முன்சக்கரம் கலப்பைபோல் உழத் தொடங்கும். உயர்ந்த கட்டையும் குறைந்த காற்றும் இங்கே துணையாகும். வேகத்தைத் திடீரெனக் குறைப்பதும், முன்தடையை அழுத்துவதும் ஆகா. உப்புக்காற்று கம்பிகளையும் றிம்மையும் அரிக்குமாதலால், வீடு திரும்பியதும் நன்னீரால் கழுவுதல் வேண்டும்.

குறிஞ்சிக்கு வன்னியில் உயர்மலை இல்லை. எனினும் காட்டினுள்ளே பாறை மேடுகள் உண்டு. பாறைக்கு வேண்டியது மென்மையான இறப்பர். கட்டைகள் தாழ்ந்தும் நெருங்கியும் இருந்தால், ரயர் பாறையின் வடிவுக்கேற்ப வளைந்து ஒட்டும். பாறை மேல் ஏறும் போட்டிகளுக்கென ஆக்கப்படும் ரயர்கள் இவ்வகையினவே. சேற்று ரயரைப் பாறையிலே ஓட்டினால், அதன் உயர்ந்த கட்டைகள் வேரோடு பிய்ந்துபோகும்.

முல்லை என்பது எம் காட்டுவழி. செம்மண், வேர், வண்டித்தடம், இடையிடையே நீர்க்குட்டை என யாவும் கலந்த பாதை இது. இங்கே நடுத்தரமான கட்டைகளே பொருந்தும்; ஓரங்களிலுள்ள கட்டைகள் மட்டும் உறுதியாயிருத்தல் வேண்டும். வண்டித்தடத்திலிருந்து வெளியேறும்போது பிடித்து ஏற்றுபவை அவையே.

பாலைக்குத் தனிநிலம் இல்லையென்பர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்ததே பாலை. கோடையில் எமது கிறவல் வீதியும் அவ்வாறே திரிகின்றது. மேற்பரப்பிலே சிறுகற்கள் உதிர்ந்து, போளைகளின்மேல் நடப்பது போன்ற நிலை உண்டாகும். நடுவே ஏறத்தாழத் தொடர்ச்சியான இறப்பரும், பக்கங்களில் அகன்ற கட்டைகளும், கல் குத்தினால் தாங்கும் தடித்த உட்படைகளும் கொண்ட ரயர் இதற்கு ஏற்றது.

இனிக் காற்றழுத்தம். மாணவர் இதனை ஒரு சிறு கணக்காகச் செய்து பார்க்கலாம். பின்சக்கரத்தின்மேல் 120 கிலோகிராம் பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 28 இறாத்தல் காற்று என்பது, சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம். 120ஐ 2ஆல் வகுத்தால், ரயர் நிலத்தில் படியும் பரப்பு ஏறக்குறைய 60 சதுர சென்ரிமீற்றர். காற்றை 17 இறாத்தலாகக் குறைத்தால், அழுத்தம் 1.2 ஆகும், பரப்பு 100 சதுர சென்ரிமீற்றராக விரியும். ரயரின் விறைப்பும் ஓரளவு பாரத்தைத் தாங்குவதால் இது தோராயமே. எனினும், செலவின்றி மணலில் அமிழாமல் செல்லும் வழி இதிலே அடங்கியிருக்கின்றது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. காற்று மிகக் குறைந்தால், கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். ரயர் றிம்மில் நழுவி வால்வைப் பிடுங்கிவிடுதலும் கூடும். தார் வீதிக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடித்தல் கட்டாயம். குறைந்த காற்றோடு தார் வீதியில் விரைந்தால், ரயர் சூடேறிக் கெடும், வண்டியும் தள்ளாடும்.

ரயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் எழுத்துக்களை வாசிக்கவும் பழகுதல் நன்று. 90/90-18 51பீ என்பதைக் காண்போம். முதல் 90 அகலம் மில்லிமீற்றரில். அடுத்த 90, உயரம் அகலத்தின் நூற்றுக்குத் தொண்ணூறு என்பது, அதாவது 81 மில்லிமீற்றர். 18 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். 51 என்னும் குறியீடு 195 கிலோகிராம் வரை தாங்குமென்பதையும், ‘பீ’ மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் வரை ஏற்றதென்பதையும் குறிக்கும். நான்கு இலக்க எண்ணொன்றும் உண்டு. 2423 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கட்டைகள் தேயாதிருப்பினும், வெயிலில் ஆண்டுக்கணக்காய் இறுகி வெடித்த இறப்பர் பற்றாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் மாற்றிப் பூட்டலாகாது.

இத்தனைக்கும் மூலமான இறப்பருக்கும் எம் நாட்டுக்கும் நெடிய உறவு உண்டு. அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றி உறுதியாக்கும் முறையை 1839இல் கண்டார். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் இராபர்ட் தொம்சன் உரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப்போக, 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து விலங்கு மருத்துவர் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் ஆக்கினார். பிரேசில் நாட்டு விதைகளில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன.

எமது இளமையிலே, 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, வன்னியில் மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப் பாகங்கள் அரிதாயிருந்தன. தேய்ந்த ரயரையும் எறியாத பழக்கம் அக்காலத்தின் கொடை. அன்று அது வேறு வழியின்மை. இன்றும் அதனைச் சிக்கனமென்று கருதுவது தவறு. பள்ளங்களுக்குள்ளே சிறு மேடாகத் தெரியும் தேய்வுக் குறியோடு கட்டைகள் சமமாகிவிட்டால், அந்த ரயரின் காலம் முடிந்தது. போர் விட்டுச் சென்ற இன்னொன்றையும் இளைஞர் மறத்தலாகாது: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்திலே, எத்தகைய ரயர் பூட்டியிருப்பினும், பாதையை விட்டு இறங்குதல் கூடாது.

அவ்வாறாயின் சாதாரண குடும்பத்தினர் எதனைத் தேர்வது? ஒரு வாரத்தில் எந்த நிலத்தில் எவ்வளவு தூரம் செல்கின்றோமென முதலில் எழுதிப் பார்த்தல் வேண்டும். பெரும்பகுதி தார் வீதியாயின், தாழ்ந்த கட்டைகள் நெருங்கிய கலப்பு வகையைத் தேர்ந்து, கிறவலில் மெதுவாகச் செல்வதே அறிவுடைமை. நாள்தோறும் வயலிலும் காட்டிலும் உழைப்பவர் மட்டும் உயர்ந்த கட்டை ரயரைப் பூட்டட்டும். அவரும் நனைந்த தாரிலே வேகத்தைக் குறைக்கட்டும். தோற்றத்துக்காகப் பூட்டுவோருக்கு எம் அநுபவமே போதும்.

எம் மகளின் தோள் குணமாகிவிட்டது. இப்போது நாம் வண்டியை எடுக்குமுன், அவளே குனிந்து ரயர்கள் இரண்டையும் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறாள், “இன்றைக்கு எந்த வழியாகப் போகிறோம், அப்பா?” என்று கேட்கிறாள். அதற்கு விடை சொல்லிய பின்னரே வண்டியைக் கிளப்புகின்றோம்.