கடல் புயலும் சூரியப் புயலும்: எச்சரிக்கை பெறுவது நம் உரிமை

2017 செப்டம்பர் 6. கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி சூறையாடிக்கொண்டிருந்தது. மின்சாரமும் கைப்பேசியும் இல்லாமல் போன இடங்களில் மீட்புப் பணியினர் நம்பியிருந்தது சிற்றலை வானொலியை. அன்றுதான் சூரியனில் எக்ஸ் 9.3 அளவில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலைத் தொடர்பு தடைபட்டது. ஒரே நாளில் இரண்டு புயல்கள். இரண்டையும் மனிதருக்குக் காட்டிக்கொடுத்தவை செயற்கைக்கோள்கள்.

எந்த நாடும் தனியாக இந்த வேலையைச் செய்துவிட முடியாது. வங்கக் கடலை நம் இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. மேற்கிலிருந்து ஐரோப்பாவின் மெட்டியோசாட்டும் கிழக்கிலிருந்து ஜப்பானின் ஹிமவாரியும் பார்க்கின்றன. யார் எங்கே நிற்பது, தகவலை எப்படிப் பகிர்வது என்பதையெல்லாம் பேசி முடிக்க 1972 முதல் ஓர் ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. விண்வெளி வானிலையும் இப்போது அதன் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. ஒருவரின் செயற்கைக்கோள் பழுதானால் மற்றவர் கைகொடுப்பது இங்கே வழக்கம். 1999-ல் ஜப்பானின் புதிய வானிலைக் கோள் ஏவுதலிலேயே அழிந்தது. பழைய கோள் தளர்ந்தபோது 2003 முதல் 2005 வரை அமெரிக்காவின் கோஸ்-9 பசிபிக் மேல் நின்று படம் அனுப்பியது. அதற்கு முன்பு, 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவுக்குப் பற்றாக்குறை வந்தபோது ஐரோப்பா தன் மெட்டியோசாட்-3ஐ நகர்த்திக் கொடுத்திருந்தது.

இந்தத் தகவல்மீது நமக்கு உரிமை உண்டா? உண்டு, ஆனால் அதற்குப் பல் இல்லை. 1986-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தொலையுணர்வுக் கோட்பாடுகளின்படி, பேரிடருக்கு ஆளான அல்லது ஆளாகப்போகும் நாட்டுக்குப் பயன்படும் தகவல் ஒரு நாட்டிடம் இருந்தால் அதை விரைந்து கொடுக்க வேண்டும். அடிப்படை வானிலைத் தகவல்கள் கட்டணமோ தடையோ இல்லாமல் பகிரப்பட வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2021-ல் தீர்மானித்தது. மீறினால் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்த நீதிமன்றம் கிடையாது. பரஸ்பர நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு இது. அதனால்தான் பொதுமக்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2025 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். தன் ராணுவ வானிலைக் கோள்களின் நுண்ணலைத் தகவலை மாதக் கடைசியோடு நிறுத்துவதாக அமெரிக்கா அறிவித்தது. நள்ளிரவிலும் மேகத்தை ஊடுருவிப் புயலின் உள்ளமைப்பைக் காட்டும் தகவல் அது. புயல் ஆய்வாளர்கள் பதறிக் குரல் எழுப்பினார்கள். கெடு ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு நிறுத்தும் முடிவே கைவிடப்பட்டது. இன்னொரு ஆபத்து அலைவரிசையில் இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே வெளியிடும் மெல்லிய சமிக்ஞையை வைத்துத்தான் கோள்கள் ஈரப்பதத்தை அளக்கின்றன. பக்கத்திலேயே, 24.25-லிருந்து, 5ஜி சேவைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2019-ல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் கூடிய உலக வானொலி அலைவரிசை மாநாடு விதித்த கட்டுப்பாடு வானிலை அமைப்புகள் கேட்டதைவிடத் தளர்வானது. அலைக்கற்றையை ஏலம் விடும்போது வரும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. தவறிப்போன புயல் கணிப்பின் விலை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. இது அநியாயம்.

சூரியப் புயலுக்கு வருவோம். வெடிப்பின் கதிர் எட்டு நிமிடத்தில் பூமியைத் தொடும். வானொலியைத் தாக்குவது அதுதான். பின்னால் வரும் மின்னூட்டத் துகள் மேகத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்-1 புள்ளியில் காவல் நிற்கும் கோள்களைக் கடந்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு. நம் ஆதித்யா-எல்1 அங்கே 2024 ஜனவரி முதல் நிற்கிறது. இரண்டாண்டுப் பணிக்காக 1995-ல் போன சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கோளை நம்பியே உலகம் நெடுங்காலம் ஓட்டியிருக்கிறது என்பதையும் நினைத்துப்பாருங்கள்.

1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது இப்படியொரு புயலால். 2024 மே மாதம் வந்த புயல் ஜி5, அதாவது உச்ச நிலை. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் நடவுப் பருவத்தில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடுமாறின. யாருடைய கைப்பேசியும் எரியவில்லை. “இன்றிரவு போனை அணைத்து வையுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம்.

தென் தமிழகத்துக்கு இதில் தனிக் கவனம் தேவை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால் இங்கே மேல்வளிமண்டலத்தின் அயனிமண்டலம் கொந்தளிப்பு மிக்கது. சூரியன் மறைந்தபின் ஜிபிஎஸ் சமிக்ஞை நடுங்குவது உண்டு. டிஜிபிஎஸ் வைத்து நிலம் அளப்பவர்களும் ட்ரோனில் மருந்து தெளிப்பவர்களும் புயல் அறிவிப்பு உள்ள நாளில் வேலையைத் தள்ளிவைப்பது நல்லது. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ் ஒன்றையே நம்பாமல் திசைகாட்டியும் ஒயர்லெஸ் செட்டும் வைத்திருங்கள். பேரிடர் எச்சரிக்கைக்குச் சசேத், டிஎன் அலர்ட் செயலிகள் உள்ளன. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554.

விண்ணில் கிடைக்கும் தகவல் கரைக்கு வந்து சேர்ந்தால் போதாது, படகுவரை போக வேண்டும். 2017-ன் ஒக்கிப் புயலில் எச்சரிக்கை படகுவரை போகாததற்குக் குமரி மீனவக் குடும்பங்கள் கொடுத்த விலை நமக்குத் தெரியும். சூரியப் புயல் எச்சரிக்கையும் தமிழில், துறைமுகப் பலகையிலும் வானொலியிலும் வர வேண்டும் என்று அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள்; விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கேளுங்கள்.