கொத்தடிமைகளை எண்ணுவது யார்?

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை, முன்பணக் கடனுக்காகச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் உழைப்போரில் இருளர் குடும்பங்கள் பல. இவர்களுள் கொத்தடிமைகள் எத்தனை பேர்?

உச்ச நீதிமன்றம் நியமித்த குழு, தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக 1995இல் கூறியது. மாநிலத்தில் அடையாளம் காணப்பட்டோராக ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் பல ஆண்டுகள் காட்டிய எண்ணிக்கையோ 65,573 மட்டுமே. தனியார் மதிப்பீடுகளும் நிலையானவை அல்ல. ‘வாக் ஃப்ரீ’ அமைப்பு இந்தியாவின் நவீன அடிமைகளை 2016இல் 1.83 கோடி என்றது. 2018இல் 80 லட்சம் என்றது. இடையில் மாறியது கணக்கிடும் முறை.

அரசின் கணக்கு மனிதர்களை எண்ணுவதில்லை. அதிகாரிகளின் செயல்களையே எண்ணுகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விடுவிப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டால்தான் ஒருவர் பட்டியலில் இடம்பெறுவார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் பதிவான வழக்குகளையே தொகுக்கிறது. கொத்தடிமைப் புகாரைக் கூலித் தகராறாக முடித்துவிட்டால், அக்குடும்பம் இரு கணக்குகளிலிருந்தும் மறைந்துவிடும். 30,000 ரூபாய் வரையிலான உடனடி நிவாரணமும் கைநழுவும்.

எனவே, ஒரு மாவட்டத்தின் பூஜ்யம் விடுதலைக்குச் சான்றல்ல. அங்கே ஆய்வே நடக்காதிருக்கலாம். எண்ணிக்கை உயர்வது, அதிகாரிகள் தேடத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆய்வுகள், சான்றிதழ்கள், வழக்குகள், தண்டனைகள் ஆகிய நான்கையும் மாவட்டவாரியாக ஒருசேர வெளியிடுமாறு கோருவோம். அப்போதுதான் அந்த எண்கள் உண்மை பேசும்.