ஓசூரில் கொழும்பு பேசிய காலம்

போன மாதம் பரணைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவின் பழைய ரேடியோ கிடைத்தது. கூடவே ஒரு லைசென்ஸ் புத்தகம். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணும். பசங்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். டயல் கண்ணாடியில், ஷார்ட் வேவ் 41 மீட்டர் பக்கத்தில், நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா வைத்தது. "அதான்டா சிலோன் ஸ்டேஷன்" என்றார்.

எனக்குள் ஒரு கேள்வி. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 700. தமிழ்ப் பாட்டு கேட்க ஏன் கடல் தாண்டிப் போனார்கள்? தேடிப் பார்த்ததில் இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று அரசியல், மற்றது இயற்பியல்.

முதலில் அரசியல். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர்தான் அதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமை இலங்கையில் இருந்தது. படைவீரர்களுக்காக 'ரேடியோ சீயாக்' என்று ஒரு நிலையம் நடத்தினார்கள். அதற்காக எக்கலையில் சக்திவாய்ந்த ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. போர் முடிந்தது, படைகள் ஊருக்குப் போயின, கருவி மட்டும் தங்கிவிட்டது. 1949-ல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பம்.

இந்தப் பக்கம் 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கி, கொஞ்ச நாளில் காணாமலே போனது. ஆனால் கேட்கிற காது எங்கே போகும்? அது கொழும்புக்குத் திரும்பியது. விளம்பரதாரர்களும் பின்னாலேயே போனார்கள். இந்தியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' 1952-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. டெல்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல். அதில் விளம்பரம் வர 1967 ஆகிவிட்டது. அதற்குள் கொழும்பு நம் வீடுகளில் குடியேறிவிட்டது.

தமிழில் எஸ்.பி. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்று சொன்னாலே அம்மா தலைமுறைக்கு முகம் மலரும். ஓசூர் மாதிரி தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகிற ஊரில், "தமிழை இப்படிக்கூடப் பேசலாமா" என்று அம்மாவுக்குத் தோன்றியதாம்.

இனி இயற்பியல். ஷார்ட் வேவ் டயலில் இருக்கும் மீட்டர் என்பது அலைநீளம். 300-ஐ அதால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 41 மீட்டர் என்றால் சுமார் 7.3. இந்த அலைவரிசைகள் மேலே போய், தரையிலிருந்து இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து, தொலைவில் இறங்கும். 700 கிலோமீட்டர் அதற்கு ஒரே தாவல். சூரியனைப் பொறுத்து அயனி மண்டலம் மாறிக்கொண்டே இருப்பதால்தான், பாட்டு நடுவில் குரல் மெலிந்து, மறுபடி ஓங்கி வரும். நமக்கெல்லாம் பழகிய அந்த ஏற்ற இறக்கம்.

எஃப்.எம். அப்படி இல்லை. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான அலை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். கோபுரத்தின் பார்வை எட்டும் தூரம்தான் அதன் எல்லை. பெங்களூரில் 2001-ல் தனியார் எஃப்.எம். வந்தது. அந்தக் கோபுரங்களின் பார்வைக்குள் நாங்கள் இருக்கிறோம். சிப்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் கன்னடப் பாட்டும் இந்திப் பாட்டும் ஓடுவது இதனால்தான். ரேடியோ அலைக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் தெரியாது. இதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. என் பாதிக் கன்னடம் எஃப்.எம். கொடுத்தது. அரசியல் எல்லை ஒரு பக்கம் இருக்க, ஒரு ஊர் எந்த மொழியைக் கேட்டு வளரும் என்பதை அலைநீளமும் முடிவு செய்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைசியாக வீட்டுக் கதை ஒன்று. அப்பா ஒரு தடவை நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போட்டார். எங்கள் பெயர்களையும் எழுதியிருந்தார். மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒருநாள் வாசித்தார்கள். "ஓசூரிலிருந்து..." என்று கேட்டதும் அம்மா அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடி வந்தாராம். அப்பா அப்போது ஃபர்ஸ்ட் ஷிப்டில் லேத் முன்னால் நின்றிருந்தார். மாலையில் வந்து, "எந்தக் குரல்? எப்படிச் சொன்னாங்க? ஊர் பேரை சரியா சொன்னாங்களா?" என்று அம்மாவை நாலு முறை சொல்லச் சொன்னார். அவர் காதில் அது விழவே இல்லை.

நேற்று ராத்திரி ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டு முள்ளைச் சிவப்புப் பொட்டில் நிறுத்தினேன். ஒரே இரைச்சல். அதில் பாதி எங்கள் வீட்டு எல்.ஈ.டி. பல்புகளும் சார்ஜர்களும் கிளப்புவது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். இரைச்சல் குறைந்தது. பாட்டு வரவில்லை. அம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த அறிவிப்பை இன்னொரு முறை சொல்லிக் காட்டினார். இந்த முறை போனில் பதிவு பண்ணிக்கொண்டேன்.