நகைத் தொடர்கள் நீடு வாழாமை ஏன்?

எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலாவதாக வைத்தார். அந்நகையை வாரந்தோறும் இல்லத்திற்கே கொணர்ந்து வழங்குவது தொலைக்காட்சியின் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர். ஆங்கிலத்தில் இதனைச் சுருக்கமாகச் 'சிட்காம்' என்பர். நம் வகுப்பில் ஒருநாள் மாணவர் சிலர், "ஐயா, அழுகைத் தொடர்கள் ஆயிரம் நாள்களையும் கடந்து ஓடுகின்றன. எல்லாரும் விரும்பிய நகைத் தொடர்கள் மட்டும் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன?" என வினவினர். அன்று நம்மால் தக்க விடை பகர இயலவில்லை. இத்தொடர்கள் செழித்து வளர்ந்த அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் தொலைக்காட்சி வரலாற்றை நோக்கி அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

மாறாத மாந்தர்

முதற்கண் நகைத் தொடரின் இயல்பினை அறிதல் வேண்டும். ஓரிடம், சில மாந்தர், அவர்தம் மாறாக் குறைகள் ஆகிய மூன்றுமே அதன் முதற்பொருள். ஒவ்வொரு வாரமும் புதியதொரு சிக்கல் தோன்றும். அரைமணி நேரத்தில் அது தீர்ந்து யாவரும் பழைய நிலைக்கே மீள்வர். அவலத் தொடரில் திருமணம், பிரிவு, மரணம் என ஒரு நிகழ்வு மற்றொன்றை ஈன்று கதை வளரும். நகைத் தொடரிலோ கருமி வள்ளலானால், சினமுடையான் சாந்தனானால், அன்றே நகை அழிந்துபோகும். கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' என்னும் அமெரிக்கத் தொடர் 1972 முதல் 1983 வரை நிகழ்ந்தது. உண்மையில் அப்போர் 1950 முதல் 1953 வரை மூன்றாண்டுகளே நடந்தது. போரைவிடத் தொடர் நீண்டுவிட்டது! இத்தகைய நீட்சி எல்லாத் தொடர்க்கும் வாய்ப்பதன்று, வாய்த்தாலும் பொருந்துவதன்று.

விலை கொடுப்போர் யாவர்?

இயல்பினால் வரும் இறுதி ஒருபுறமிருக்க, வணிகத்தினால் வரும் இறுதியே மிகுதி. தொலைக்காட்சி நிறுவனம் தன் தொடரைப் பார்வையாளர்க்கு விற்கிறது என நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் பார்வையாளரின் கவனத்தையே விளம்பரதாரர்க்கு விற்று வளர்ந்தவை. ஆதலின் எத்தனை பேர் விரும்பினர் என்பதினும், எத்தகையோர் பார்த்தனர் என்பதே அங்கே பெரிதாயிற்று.

1971ஆம் ஆண்டில் சி.பி.எஸ். நிறுவனம் ஊர்ப்புற வாழ்வைச் சித்திரித்த தொடர்கள் பலவற்றை ஒருசேர நிறுத்தியது. 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்', 'மேபெரி ஆர்.எஃப்.டி.' ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் இறுதியிற் சுட்டியது அவ்வாண்டிலும் நாட்டின் முதல் இருபது நிகழ்ச்சிகளுள் ஒன்றாக விளங்கியது. பார்த்தோர் முதியோரும் சிற்றூர் மக்களும் ஆவர். விளம்பரதாரர் விழைந்தோரோ நகர்ப்புற இளையோர். ஆகவே கோடிக்கணக்கானோர் விரும்பிய தொடர்களும் மறைந்தன.

1982இல் ஏ.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'போலீஸ் ஸ்குவாட்' என்னும் தொடரின் கதை இன்னும் விந்தையானது. ஆறு பகுதிகளே எடுக்கப்பட்டன. நான்கு ஒளிபரப்பானதும் நிறுத்தப்பட்டது. ஊன்றிக் கவனித்தாலன்றிச் சிரிக்க இயலாது என்பதையே அதன் குறையாக நிறுவனத்தார் கூறினர்! அதே மாந்தரைக் கொண்டு 1988இல் 'நேக்கட் கன்' என்னும் திரைப்படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 2004இல் சிறந்த நகைத் தொடருக்கான எம்மி விருதினைப் பெற்ற 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' 2006இல் 53 பகுதிகளோடு கைவிடப்பட்டது. விருது வந்தது, கணக்கில் வரத்தக்க எண்ணிக்கை வரவில்லை. பின்னர் 2013இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. அந்நிறுவனமே 2019இல் 'ஒன் டே அட் எ டைம்' என்னும் குடும்பத் தொடரினை, போதிய பார்வையாளர் இலர் எனக் கூறி மூன்றாம் பருவத்தோடு நிறுத்தியது. சந்தா முறை வந்த பின்னும் கணக்கேடு மறையவில்லை.

ஏறும் ஊதியம்

ஒரு தொடர் வெற்றி பெறப் பெற, அதன் செலவும் ஏறும். 1994இல் தொடங்கிய 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் நடிகர் அறுவரும் முதற்பருவத்தில் பகுதிக்கு ஏறத்தாழ 22,500 டாலர் பெற்றனர். 2004இல் நிறைவெய்திய அத்தொடரின் இறுதி இரு பருவங்களில் ஒவ்வொருவரும் பகுதிக்குப் பத்து லட்சம் டாலர் பெற்றனர். அரங்கு அதுவே; நாற்காலியும் அதுவே; செலவு மட்டும் மலையாயிற்று. மேலும், அமெரிக்க வழக்கில் ஏறத்தாழ நூறு பகுதிகள் சேர்ந்தால்தான் ஒரு தொடரினை உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக நல்ல விலைக்கு விற்கலாம். அவ்வெல்லையை எட்டுமுன் நின்ற தொடர் தயாரிப்பாளர்க்குப் பெரும்பாலும் இழப்பே தரும். எட்டிய பின்னரோ பழைய பகுதிகளே வருவாய் ஈட்டும். புதியன எடுப்பதற்கான தேவை குறையும்.

படைப்போர் தாமே நிறுத்துதல்

வணிகம் கைவிடாத தொடரினையும் படைத்தோரே முடித்தல் உண்டு. இங்கிலாந்தின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' இதற்குத் தலையாய சான்று. கடற்கரை நகரொன்றில் விடுதி நடத்தும் முன்கோபி ஒருவரின் கதை அது. 1975இல் ஆறு பகுதிகள், 1979இல் ஆறு பகுதிகள், ஆகப் பன்னிரண்டே. ஜான் கிளீஸும் கானி பூத்தும் இருவராகவே அமர்ந்து எழுதினர். அமெரிக்காவில் எழுத்தாளர் குழுவொன்று கூடி ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளை எழுதும். இவர்களோ ஒரு பகுதிக்கே பல வாரங்களைச் செலவிட்டனர். கதவு திறக்கும் நொடியும் தட்டு விழும் நொடியும் எழுத்திலேயே அளந்து வைக்கப்பட்டன. இரு பருவங்களுக்கும் இடையே அவ்விருவரின் மணவாழ்வு முறிந்தது. எனினும் எழுத்துப்பணி முறியவில்லை. பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டனர். 2000ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைப்படக் கழகம் வெளியிட்ட தலைசிறந்த நூறு பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில், ஆறு மணி நேர அளவேயான இப்படைப்பே முதலிடம் பெற்றது.

அமெரிக்காவிலும் 'சைன்ஃபெல்ட்' தொடர் 1998இல், நாட்டின் முதல் நிகழ்ச்சியாக விளங்கிய காலத்திலேயே முடிந்தது. மேலும் ஓராண்டு நடத்தினால் பகுதிக்கு 50 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் முன்வந்ததாகவும், ஜெரி சைன்ஃபெல்ட் அதனை மறுத்ததாகவும் கூறுவர். அவையோர் கைதட்டும்போதே மேடையினின்று இறங்கத் தெரிந்தவர் அவர்.

எள்ளலும் காலமும்

இன்னொரு காரணமும் உண்டு. அது நம்மையும் தொடுவது. 1977 முதல் 1979 வரை இங்கிலாந்தில் 29 பகுதிகளாக நிகழ்ந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்', வெளிநாட்டார்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பினைப் பற்றியது. பஞ்சாபியர், பாகிஸ்தானியர், சீனர், சப்பானியர், இத்தாலியர் எனப் பலரும் அவ்வகுப்பில் அமர்ந்திருப்பர். பெருந்திரளானோர் விரும்பிய அத்தொடரினை, அயல்நாட்டாரை இழிவுபடுத்துகிறது எனக் கருதி, அந்நிறுவனத்தின் பொறுப்பாளருள் ஒருவரான மைக்கேல் கிரேடு நிறுத்தினார் என்பர். 1986இல் அது சிறிது காலம் மீண்டும் எடுக்கப்பட்டது.

இளமையில் இத்தொடரினை ஒளிநாடாவிற் கண்டு நாமும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். சீக்கியரும் முஸ்லிமும் வகுப்பறையிலேயே மதத்தின் பேரால் பூசலிட்டபோதும் சிரித்தோம். எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதலும் என இருவகைப்படும் எனத் தொல்காப்பிய உரையாசிரியராகிய பேராசிரியர் விளக்குவார். நம் சிரிப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதனை மொழியாசிரியராகி ஒரு வகுப்பின்முன் நின்ற பின்னரே உணர்ந்தோம். பிழையாகப் பேசும் மாணவரைக் கண்டு ஏனையோர் நகைக்கும்போதெல்லாம் அத்தொடர் நம் நினைவில் எழும். அத்தொடர் நின்றமைக்காக வருந்துவதா, மகிழ்வதா என இன்றும் நம்மால் முற்றத் துணிந்து கூற இயலவில்லை. சிரித்தோம் என்பதும் உண்மை. யாரைச் சிரித்தோம் என்று பின்னர் நாணினோம் என்பதும் உண்மை.

நிறைவாக

இதுகாறும் கூறியவற்றால், ஒரு தொடரின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் இடத்தில் பார்வையாளரின் அன்பு பெரும்பாலும் அமர்வதில்லை என்பது புலனாகும். விளம்பரக் கணக்கும், ஏறும் செலவும், படைப்போரின் ஆற்றலும், மாறும் காலத்தின் மனச்சான்றுமே அங்கே அமர்ந்துள்ளன. எனவே, மாணவச் செல்வங்கள் தாம் விரும்பிய தொடர் முடிந்தது என வருந்துங்கால், முடித்தவர் யார் என்னும் வினாவினை முதலில் எழுப்புதல் வேண்டும். கணக்கேடு முடித்திருப்பின் அது இழப்பே. 'போலீஸ் ஸ்குவாட்' இன்னும் சில பகுதிகள் வாழ்ந்திருக்கலாம். படைத்தவரே முடித்திருப்பின் அது குறைவன்று, நிறைவே. பதின்மூன்றாவதாக எழுதப்படாத ஒரு பகுதியே ஏனைய பன்னிரண்டையும் காத்து நிற்கிறது.

வகுப்பில் அன்று கூற இயலாது போன விடை இதுவே. காலந்தாழ்த்தியமைக்கு மாணவர் நம்மைப் பொறுத்தருள்க.