தரம் எட்டு, கணக்கு ஐந்து

ஊரை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பாடசாலையில் சேரும் பிள்ளையை வயதைப் பார்த்தே வகுப்பில் இருத்துகிறார்கள். எட்டாந் தரத்தில் இருப்பவனுக்கு ஐந்தாந் தரத்துப் பின்னம் விடுபட்டிருக்கும். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் தவறிய பாடம் அது. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரின் ஓட்டையையும் எப்படித் தேடுவார்?

இணையத்திலுள்ள சில கணிதப் பயிற்சிகள் அதைத் தேடித் தருகின்றன. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால் பிள்ளை ஐந்தில் இரண்டு என்கிறான். மேலுள்ளதை மேலுடனும் கீழுள்ளதைக் கீழுடனும் கூட்டியிருக்கிறான். பயிற்சி அந்தப் பிழையை அடையாளங்கண்டு, கீழ்வகுப்புக் கணக்குக்கு இறங்கும். சரியாகச் செய்யச் செய்ய மேலே ஏறும்.

2015இல் டில்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் இத்தகைய பயிற்சி ஆராயப்பட்டது. கணினியில் 45 நிமிடம், ஆசிரியருடன் சிறு குழுவாக 45 நிமிடம். நாலரை மாதத்தில் கணிதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியரை அங்கே யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை!

நமது கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் தமிழ்ப் பாடங்கள் தரவாரியாக உள்ளன. கீழ்த்தரப் பாடத்தைத் திறக்கும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். பிழைத்த கணக்கைக் கொப்பியில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.